அக்கி: வைரஸ் எதிர்ப்பு மருந்துகளின் வரலாறு

சின்னம்மை கண்டவரின் நரம்பு முடிச்சுகளில் உறங்கிக்கிடக்கும் வேரிசெல்லா சோஸ்டர் வைரஸ், பல ஆண்டுகள் கழித்து விழித்துக்கொள்வதால் வரும் நோய் அக்கி. கிளம்பிய நரம்பின் வழியே வைரஸ் தோலுக்கு வருவதால் கொப்புளங்கள் உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக எழும். எரிச்சலும் குத்தலும் பெரும்பாலும் அவற்றை முந்திக்கொள்ளும். மக்கள் வழக்கில் வேறு சில கொப்புளங்களுக்கும் இப்பெயர் உண்டு. தமிழகத்தில் இதைத் தணிக்கக் குயவர்கள் காவியைக் குழைத்து உடலில் உருவம் வரையும் ‘அக்கி எழுதுதல்’ நெடுங்கால வழக்கம்.

சின்னம்மைக்கும் அக்கிக்கும் உள்ள உறவை ஹங்கேரிய மருத்துவர் போக்கய் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கவனித்தார். அக்கிக்குக் காரணம் சின்னம்மைக்குப் பின் மறைந்திருந்து மீளும் வைரஸ்தான் என்ற கருத்தை 1965இல் விரிவாக முன்வைத்தவர் இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் ஊரில் பொது மருத்துவம் பார்த்த எட்கர் ஹோப்-சிம்ப்சன். 1970களில் அக்கிக்கு மருந்தாக ஐடாக்சுயூரிடின் பூச்சும் விடாரபின் ஊசியும் பயன்பட்டன.

திருப்பம் அசைக்ளோவிர். அமெரிக்காவின் வட கரோலினாவில் பரோஸ் வெல்கம் ஆய்வகத்தில் 1974இல் ஹோவர்ட் ஷேஃபர் இதை உருவாக்கினார். வைரஸுக்கு எதிரான இதன் ஆற்றலைச் சோதித்தது இங்கிலாந்தில் ஜான் பாயர் குழு. செயல்படும் விதத்தைத் துலக்கியது கெர்ட்ரூட் எலியன் குழு. இதில் யார் பங்கு பெரிது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. பொதுவாக எலியனின் பெயரே முன்நிற்கிறது. முனைவர் பட்டம் இல்லாமலே ஆய்வுலகில் உயர்ந்த அவர் 1988இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மரபணுவின் எழுத்துகளில் ஒன்றான குவானோசினைப் போன்றதே இம்மருந்து; ஆனால் அதன் சர்க்கரை வளையம் அறுந்திருக்கும். வளையமற்றது என்பதே பெயரின் பொருள். இதன் அழகு, வைரஸின் நொதியே இதை ஆயுதமாக்குவதில் இருக்கிறது. வைரஸின் தைமிடின் கைனேஸ் என்ற அந்த நொதி மருந்தின் மீது முதல் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. மற்ற இரண்டையும் உயிரணுவின் நொதிகள் ஏற்றுகின்றன. பிறகு அது வைரஸ் நகலெடுக்கும் மரபணு இழையில் புகுந்து, அடுத்த கண்ணி சேராதபடி முடித்துவிடுகிறது. வைரஸ் புகாத உயிரணுவில் அந்த முதல் படி அநேகமாக நிகழாததால் நல்ல உயிரணுக்கள் தப்புகின்றன.

அசைக்ளோவிரை வாய்வழி கொடுத்தால் ஐந்தில் ஒரு பங்குகூட ரத்தத்தில் சேர்வதில்லை. அதனால் அக்கிக்கு 800 மில்லிகிராம் வீதம் நாளைக்கு ஐந்து வேளை, குறைந்தது ஏழு நாள் விழுங்க வேண்டும். வலியோடு படுத்திருக்கும் முதியவருக்கு அந்த ஐந்து வேளை பெரும்பாடு. 1990களின் நடுவில் வந்த ஃபாம்சைக்ளோவிரும் வாலசைக்ளோவிரும் அதை மூன்று வேளையாக்கின.

கொப்புளம் எழுந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதே வழக்கமான அறிவுரை. புண் விரைவில் ஆறுவதும் தொடக்க வலி தணிவதும் பெரும்பாலும் ஏற்கப்பட்டவை. மாதக்கணக்கில் நீடிக்கும் நரம்பு வலியை இம்மருந்துகள் தடுக்கின்றனவா என்பதில் ஆய்வுகள் முரண்படுகின்றன.

வேறு வகையில் செயல்படும் அமெனமெவிர் 2017இல் ஜப்பானில் ஒப்புதல் பெற்றது. அது நாளைக்கு ஒரு வேளை.