கார்டன் ஹவுஸ், கடலூர்
கார்டன் ஹவுஸ்: கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள, ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆளுநர்களின் தோட்ட மாளிகை, பின்னர் மாவட்ட ஆட்சியரின் அதிகாரபூர்வ இல்லம். கட்டப்பட்ட ஆண்டு 1733 எனக் குறிக்கப்படுகிறது. கூரை செங்கல்லாலும் சுண்ணாம்புக் காரையாலும் ஆனது. இரும்போ மரமோ அதில் சேர்க்கப்படவில்லை என்பதே இதன் கட்டடச் சிறப்பு.

கம்பெனியார் 1690இல் மராத்தியரிடமிருந்து கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கி, புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டனர். கோட்டைக்கு வெளியே, கெடிலம் ஆற்றை ஒட்டிய சமவெளியில் அமைந்ததால் மாளிகைக்குக் காற்றும் தோட்டமும் வாய்த்தன, பாதுகாப்பு வாய்க்கவில்லை. 1746 டிசம்பரில் கோட்டையைத் தாக்க வந்த பிரெஞ்சுப் படை முதலில் இத்தோட்டத்தையே பிடித்தது. ஆங்கிலேயருக்கு உதவ ஆர்க்காட்டு நவாபின் படை வந்ததும் அது பின்வாங்கியது. அதே ஆண்டு சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானதால், 1752 வரை சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமையிடம் கடலூரே. 1756இல் கோட்டையின் ஆளுநரான ராபர்ட் கிளைவ் இங்கு வசித்தார். மாளிகை இன்றும் பெரும்பாலும் அவர் பெயராலேயே அறியப்படுகிறது, அவர் பதவிக்காலமோ சில மாதங்களே. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை கைப்பற்றித் தகர்த்த கோட்டையில் எஞ்சியவை இடிபாடுகளே.