அரக்கும் பொன்னும்

கொல்கத்தா மைதானத்தில் பந்தாட்டம் காணச் சென்ற அன்பர்கள் இவ்வழக்கைக் கேட்டிருக்கக்கூடும். மோகன் பகான் சங்கத்தாரின் சட்டை பச்சையும் மெரூனும் கொண்டது. அம்மெரூனில் எத்துணைக் கருமை ஏறியிருத்தல் வேண்டும்? நம் புடைவைக் கடைகளில் 'அரக்கு' என்னும் ஒரு சொல்லால் முடித்துவிடுவோம். ஆங்கே அவ்வளவு எளிதில் முடிவதில்லை.

1889-ஆம் ஆண்டில் தோன்றிய அச்சங்கம், 1911 ஜூலை 29 அன்று கிழக்கு யார்க்ஷயர் படையணியை 2-1 என வென்று ஐ.எஃப்.ஏ. கேடயம் பெற்றது. பதினொருவருள் பதின்மர் வெறுங்காலுடன் ஆடினர். அவ்வணியின் புகைப்படம் இன்றும் உளது. ஆயினும் நிறத்திற்கு அது சான்றாகாது. அந்நாளையப் புகைப்படத் தகடுகள் பெரும்பாலும் செவ்வொளியை உணரா. செம்மை எவ்வகையினதாயினும் கரியதாகவே பதியும். துணியோ வெயிலிலும் வெளுப்பிலும் மங்குவது. ஆகவே முதியோர் நினைவே ஆவணமாயிற்று. முதியோர் இருவர் ஒத்துரைத்தலோ அரிது!

1920-ஆம் ஆண்டில் பிறந்த ஈஸ்ட் பெங்கால் சங்கத்தின் வழக்கு வேறுவகை. ஆங்கிலத்தில் எழுதுவோர் சிவப்பும் பொன்னும் என்பர். வங்காளியர் வாயில் அது 'லால்-ஹோலுத்', அதாவது சிவப்பும் மஞ்சளுமே. சாயத்தொட்டியில் பொன் என்பது மஞ்சளாய்த்தான் முடியும் என்பது என் துணிபு. ஆயினும் 1947-இல் பிரிவினையால் ஊரும் வீடும் இழந்து வந்தோர்க்கு, பிறந்த மண்ணின் பெயரைத் தாங்கிய அச்சட்டை எஞ்சிய உடைமைகளுள் ஒன்று போலாயிற்று. வேற்றூரில் வாழும் நமக்கு இது விளங்காததன்று. அதன் மஞ்சள் எலுமிச்சைபோல் சற்றே வெளிறினும் பொறாதார் அவருள் உளர்.