மறைவிடம் செல்லும் வழி

வேட்டை என்ற சொல்லைக் கேட்ட அளவில் வில்லும் வேலும் துப்பாக்கியுமே பலருடைய நினைவுக்கு வருகின்றன. வேட்டையின் வரலாற்றைக் கூர்ந்து நோக்குவோர்க்கோ வேறோர் உண்மை புலப்படும். அம்பு எய்வது ஒரு நொடிச் செயல். மான் அறியாவண்ணம் மறைவிடத்தை அடைவதும், அங்கே அசையாது இருப்பதும், மீண்டும் எவ்வுயிரும் அறியாமல் திரும்புவதுமே வேட்டுவனின் பெரும்பொழுதைக் கொண்டன. இக்கலையின் சிறப்பைத் தமிழ் இலக்கியமும் மலாயாக் காடுகளும் ஒருசேர எடுத்துக் காட்டுகின்றன.

பினாங்குத் தீவில் 1786-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் குடியேற்றம் அமைத்தபோது அதன் பெரும்பகுதி காடாகவே இருந்தது. கடற்கரைச் சமவெளியில் நகரம் வளர்ந்தது. மலைப்பகுதியில் காடு எஞ்சியது. தமிழர் கொடிமலை என வழங்கும் மலையின் சரிவுகளும், 2003-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட தெலுக் பாஹாங் பகுதியும் அவ்வாறு எஞ்சியவற்றுள் அடங்கும். இக்காடுகளில் வாழும் மானினத்தை ஒத்த சிற்றுயிரை மலாய் மக்கள் பெலாண்டோக் என்பர். சாங் கஞ்சில் கதைகளின் அறிவுமிக்க நாயகன் அதுவே. தமிழில் அதன் இனத்திற்குச் சருகுமான் என்று பெயர். உதிர்ந்த சருகுகளுக்கிடையே வாழ்வதால் பெற்ற பெயர் அது. அச்சருகே அதற்குக் காவலுமாகிறது. காய்ந்த இலையின்மேல் காலடி பட்டவுடன் எழும் ஓசை, மனிதன் வருகையை அவனுக்கு முன்னரே அறிவித்துவிடும்.

சங்கப் புலவர் கண்ட வேட்டை

இக்காவலை வெல்லும் முயற்சி மிகப் பழைமையானது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் எயினரின் நள்ளிரவு வேட்டை ஒன்று காட்டப்படுகிறது. மழை பொய்த்த காலம். மான்களின் குளம்படி பதிந்து கலந்து கிடக்கும் வழி. நீர் வேட்கையால் விலங்குகள் வருமிடத்தே அகழப்பட்ட குழிகள். அக்குழிகளுள் எயினர் ஒடுங்கிக் கிடந்து காட்டுப்பன்றியின் வரவை எதிர்நோக்குகின்றனர். அவ்வேட்டை வாய்க்காவிடின் மறுநாட் பகலில் நாய்களுடன் புதர்களை அடித்து முயல்களை வளைக்கின்றனர்.

இச்சிறு பகுதியில் அடங்கியுள்ள அறிவு வியப்பிற்குரியது. எங்கே காத்திருப்பது என்பதைக் குளம்படித் தடம் கூறுகிறது. எக்காலத்தில் என்பதை வறட்சி கூறுகிறது. எவ்வாறு என்பதைக் குழி கூறுகிறது. நிலமட்டத்திற்குக் கீழே கிடப்பவனின் உருவம் வானத்தின் பின்னணியில் தோன்றாது. மேலும், ஓசையின்றிக் காத்திருக்கும் வேட்டையும் ஓசையெழுப்பிக் கலைக்கும் வேட்டையும் வெவ்வேறானவை என்பதைப் புலவர் அடுத்தடுத்து வைத்து விளக்கியுள்ளார். அதே பாட்டில் எயினர் குடிலின் முன்றிலில் விளாமரத்தில் கட்டப்பட்ட பார்வை மானும் இடம்பெறுகிறது. பிற மான்களை ஈர்த்தற்கெனப் பழக்கப்பட்ட மான் அது.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் காட்டும் பரணோ இதற்கு நேர்மாறானது. தினைப்புனத்தில் பரண்மேல் அமர்ந்த மகளிர் தழலும் தட்டையும் குளிரும் ஒலித்துக் கிளிகளை ஓட்டுகின்றனர். அங்கு ஓசையே கருவி. காவற்பரண் தன்னைப் பறைசாற்றி நிற்கும். வேட்டைக்குழி தன்னை மறைத்துக்கொள்ளும். இவ்வேறுபாட்டை மாணவர்க்கு விளக்கினால் இரு பாட்டுகளும் ஒருங்கே தெளிவுறும்.

மானின் மூன்று காவல்

மானுக்கு மூக்கு, செவி, கண் என மூன்று காவல்கள் உண்டு. இவற்றுள் மூக்கே முதன்மையானது. காற்று எத்திசையிலிருந்து வீசுகிறதோ அத்திசை நோக்கியே வேட்டுவன் நடத்தல் வேண்டும். அவன் முதுகுப்புறமிருந்து காற்று வீசினால் அவனது மணம் அவனுக்கு முன்னே சென்றுவிடும். மலைப்பகுதியில் இது மேலும் நுட்பமானது. பகலில் வெயிலால் சூடேறிய காற்று சரிவில் மேலேறும். இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தை நோக்கி இறங்கும். ஆகவே மாலையில் சென்ற வழியே காலையில் திரும்புவது எப்போதும் பொருந்தாது.

அடுத்தது செவி. மழையில் நனைந்த சருகு ஓசை தராது. காய்ந்த சருகு காட்டிக்கொடுக்கும். இரண்டு கால்களின் சீரான நடையோசை காட்டில் மனிதனுக்கே உரியது. எனவே சில அடிகள் வைத்து, நின்று, மீண்டும் சில அடிகள் வைப்பது வேட்டுவர் வழக்கம். மானின் கண்ணோ அசையாத உருவத்தை எளிதில் பிரித்தறியாது. சிறிய அசைவையும் உடனே உணரும்.

ஒரு விலங்கு அஞ்சினால் காடு முழுவதும் விழித்துக்கொள்ளும். கடமான் உரத்த ஒலி எழுப்பும். கேளையாடு நாயைப் போலக் குரைக்கும். சருகுமான் பின்னங்கால்களால் நிலத்தை விரைந்து தட்டும். அவ்வொலியைக் கேட்ட பிற உயிர்களும் விலகிச் செல்லும்.

திரும்பும் வழி

மறைவிடம் செல்வதில் காட்டும் கருத்தைத் திரும்புவதில் பலர் காட்டுவதில்லை. அங்கேதான் அனுபவமில்லாதவன் தோற்கிறான். மான் பெரும்பாலும் அந்தியிலும் வைகறையிலும் மேய்வது. எனவே அது எழுமுன் பிற்பகலிலேயே சென்று அமர்ந்து, அது மேய்ந்து அடர்காட்டினுள் ஒதுங்கிய பின்னரே இறங்குதல் வேண்டும். மேயும் மானின் கண்முன் பரணிலிருந்து ஒருவன் இறங்குவானாயின், அன்று அம்மான் உயிர் தப்பிவிடும். மறுநாள் அவ்விடத்தைக் கண்டாலே அஞ்சி ஒதுங்கும். ஒருவன் சென்ற வழியின் மணமும் முறிந்த கிளையும் அவன் போன பின்னரும் பேசிக்கொண்டிருக்கும்.

இந்தியக் காடுகளில் பரண் அமைத்துப் புலிக்குக் காத்திருந்தோர் மற்றொரு முறையைக் கையாண்டனர். பலர் கூடிச் சென்று ஒருவரை மட்டும் பரணில் விட்டு, ஏனையோர் உரக்கப் பேசியவாறே திரும்புவர். மனிதர் அனைவரும் போய்விட்டனர் என்று விலங்கு எண்ணிக்கொள்ளும். இன்று பறவைகளைப் படம் எடுப்போரும் இம்முறையையே பின்பற்றுகின்றனர்.

கொல்லாத மறைவிடம்

மலாய் மொழியில் பும்புன் என்னும் சொல் உண்டு. பறவையையோ விலங்கையோ பிடிக்கக் காத்திருப்போர் இலைதழைகளால் வேய்ந்த மறைகுடிலை அது குறிக்கும். வேட்டையில் பிறந்த இச்சொல் பின்னர் வேறொரு பணிக்குச் சென்றதே மலேசிய வரலாற்றின் சிறப்பு.

தியோடர் ஹபேக் என்பார் மலாயாவில் பெரும் வேட்டைக்காரராகப் பெயர் பெற்றவர். யானை வேட்டையையும் காட்டெருது வேட்டையையும் பற்றி 1905-ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டவர். அவரே பின்னாளில் காட்டுயிர்களைக் காக்கும் முயற்சியில் ஈடுபட்டார். அவருடைய இடையறாத வற்புறுத்தலின் பயனாகப் பகாங், கிளந்தான், திரங்கானு ஆகிய மூன்று மாநிலங்களையும் தழுவி 1938-39-ஆம் ஆண்டுகளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தேசியப் பூங்கா உருவாயிற்று. 4343 சதுர கிலோமீட்டர் பரப்புடைய அக்காடே நாடு விடுதலை பெற்ற பின்னர் தாமான் நெகாரா எனப் பெயர் பெற்றது. அங்கு விலங்குகள் உப்புச்சுவை நாடி வரும் உவர்மண் திட்டுகளின் அருகே பும்புன் என்ற பெயரிலேயே மறைகுடில்கள் எழுப்பப்பட்டன. இரவு முழுவதும் ஓசையின்றி அமர்ந்து மானையும் தாப்பிரையும் கண்டு திரும்புவதற்கே அவை பயன்பட்டன. பெரும்பாணாற்றுப்படை எயினர் நீர்நிலையருகே ஒடுங்கிய அதே அறிவு, கொலையை நீக்கிக் காட்சியை மட்டும் வைத்துக்கொண்டது.

இம்மாற்றத்தின் அருமையை உணர, கண்ணியை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கம்பிக் கண்ணி வைப்பவனுக்குக் காற்றின் திசை தேவையில்லை. காத்திருக்கும் பொறுமையும் தேவையில்லை. வைத்துவிட்டுப் போய்விடுகிறான். அகப்படுவது மானா, சினையுற்ற விலங்கா, புலியா என்பதை அது பார்ப்பதில்லை. மலைபடுகடாத்தில் பெருங்கௌசிகனார் பன்றிக்கென வைக்கப்பட்ட கற்பொறிகளைக் குறித்துக் கூத்தரை எச்சரிக்கின்றார். இருளில் செல்லாமல் விடிந்தபின் செல்லுமாறு அறிவுறுத்துகின்றார். பொறிக்கு ஆள் அடையாளம் தெரியாது என்பதை அவர் அன்றே அறிந்திருந்தார். மலேசியாவின் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கண்ணி வைப்பதைக் குற்றமெனக் கொள்கிறது. தீபகற்ப மலேசியாவில் கடமானும் கேளையாடும் அருகியதால் அவற்றின் வேட்டைக்கு 2009-ஆம் ஆண்டில் தடைக்காலம் விதிக்கப்பட்டதும் இவ்விடத்து நினையத்தக்கது.

திருவள்ளுவர் கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தில், தவக்கோலத்துள் மறைந்து தீமை செய்பவனுக்குப் புதரில் மறைந்து பறவை பிடிக்கும் வேட்டுவனை உவமையாக்கினார். மறைவு தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. மறைந்திருப்பவன் உள்ளத்து நோக்கமே அதன் தகுதியை முடிவு செய்கிறது. அதே புதரில் இன்று ஒருவன் உயிரைக் காப்பதற்காகவும் மறைந்திருக்கலாம்.

பத்துப்பாட்டு 1889-ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையரால் அச்சேறியது முதல் தமிழ் வகுப்புகளில் அது பயிலப்பட்டு வருகின்றது. ஆயினும் பயம்பு என்றால் பள்ளம் என்று பொருள் கூறுவதோடு பாடம் நின்றுவிடுவதே பெரிதும் வழக்கம். பள்ளத்துள் ஒருவன் ஏன் கிடந்தான், காற்று எத்திசையில் வீசியது, அவன் எவ்வழியே வந்து எவ்வழியே சென்றான் என்னும் வினாக்கள் எழுவதில்லை. பினாங்கு மாணவர்க்குக் கொடிமலைச் சரிவு தொலைவில் இல்லை. ஒரு காலைப்பொழுது அங்கே அழைத்துச் சென்று, சருகின்மேல் ஓசையின்றிப் பத்து அடி நடக்கச் சொன்னால் போதும். உருத்திரங்கண்ணனார் எழுதியது கற்பனை அணியன்று, காடறிந்தோரின் கல்வி என்பதை அவர்கள் தாமே உணர்வர். காட்டை அறிந்த மாணவன் அதை அழிக்கத் துணியான்.