திருப்பூர்ச் சாயக்கழிவும் அரசு நிதியும்

திருப்பூர்ச் சாயக்கழிவுநீரில் பெரிய சிக்கல் நிறமல்ல, உப்புதான். பருத்தித் துணியில் சாயம் ஏற, சாயநீரில் லிட்டருக்கு 50 கிராமுக்கு மேலும் உப்பு கரைக்கப்படுவதுண்டு. நிறத்தை ரசாயனங்களும் நுண்ணுயிர்களும் பெருமளவு போக்கிவிடும். கரைந்த உப்பு அப்படியே தங்கிவிடும். கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டினால் அந்த நீரை ஆற்றில் விடக் கூடாது என்பது விதி. விதி ஏட்டோடு நின்ற காலத்தில் நொய்யல் ஆறு சீரழிந்தது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிவிட்டது.

ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடக் கூடாது என்று 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட, 2009-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் எதிர்ச் சவ்வூடு பரவல் இயந்திரங்கள் வந்தன. நல்ல நீரும் கிடைத்தது. ஆனால் ஒதுக்கப்பட்ட செறிந்த உப்புநீரை முழுதாக ஆவியாக்க முடியாமல் நிலையங்கள் திணறின. 2011 ஜனவரியில் சாயப் பட்டறைகள், சுத்திகரிப்பு நிலையங்கள் அனைத்தையும் மூட உயர் நீதிமன்றம் ஆணையிட்டது.

ஏற்கெனவே வங்கிக் கடனில் இருந்த, மூடிக்கிடந்த நிலையங்களால் புதிய தொழில்நுட்பத்தைச் சொந்தப் பணத்தில் சோதித்துப் பார்க்க முடியாது. அந்த இடைவெளியில்தான் அரசுப் பணம் தேவைப்பட்டது. அதே ஆண்டில் தமிழக அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. அரசும் பங்குதாரராக உள்ள தமிழ்நாடு நீர் முதலீட்டு நிறுவனம் அருள்புரம் நிலையத்தில் ஒரு மாற்றுவழியைச் செய்துகாட்டியது. செறிந்த உப்புநீர் முழுவதையும் காய்ச்சி வற்றவைக்காமல், நிறமும் கடினத்தன்மையும் நீக்கி, சாயமேற்றவே திருப்பி அனுப்பும் முறை அது. மின்செலவும் குறைகிறது, பட்டறை வாங்கும் உப்பும் குறைகிறது. தண்டனையால் மட்டும் இது வந்திருக்காது.

மத்திய அரசும் 1991 முதலே பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மானியம் தந்து வந்தது. 2012-ல் மத்தியப் பங்கு செலவில் 50 விழுக்காடாக உயர்ந்தது. ஜவுளித் துறையின் ஒருங்கிணைந்த பதனிடல் மேம்பாட்டுத் திட்டம் 2013-ல் 500 கோடி ரூபாயுடன் தொடங்கியது. கழிவுநீர் வெளியேறாத வகையில் அமையும் திட்டம் ஒவ்வொன்றுக்கும் 75 கோடி ரூபாய் வரை மானியம் அறிவிக்கப்பட்டது.

இத்தனைக்குப் பிறகும், எஞ்சும் உப்புநீரை ஆவியாக்கும்போது கலப்பு உப்பு மிச்சமிருக்கிறது. பல உப்புகள் ஒன்றாகக் கலந்து படிவதால் அதைச் சாயத்துக்குத் திருப்ப முடியாது. நிலத்தில் கொட்டினாலோ மழையில் கரைந்து மண்ணுக்கே போகும். ஆகவே மூட்டைகளில் கட்டி நிலைய வளாகங்களிலேயே அடுக்கிவைக்கிறார்கள். நிலையம் கட்டத் தரும் மானியத்தைப் போல, இந்த உப்பைப் பிரிக்கும் ஆய்வுக்கும் தாராளமாகப் பணம் ஒதுக்கியாக வேண்டும்.