கூட்டாமலும் குறைக்காமலும்

ஒலிபெருக்கி என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவு வருவது, பள்ளிவாசல் மினாராவிலும் திருமணப் பந்தலின் மூங்கிலிலும் கட்டப்பட்டிருக்கும் கூம்புக் குழலேயாகும். தொலைவிலுள்ளோர் செவிக்கும் எட்டவேண்டும் என்பதே அதன் பணி. எட்டிவிட்டால் போதும், துல்லியத்தை அதனிடம் எவரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் ஒலியைச் சோதித்துப் பார்ப்பதற்கென்றே செய்யப்பட்ட ஒலிபெருக்கிகளும் உண்டு. வானொலி நிலையங்களிலும் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் பொறியாளரின் எதிரே அவை வைக்கப்பட்டிருக்கும். மானிட்டர் என்பது அவற்றின் பெயர். அவற்றுள் ஒரு முழ உயரமும் இல்லாத ஒரு சிறு பெட்டியின் வரலாற்றை ஈண்டு எழுத விழைகிறேன்.

இத்தகைய பெட்டிக்கு நேர்மை ஏன் இன்றியமையாதது என்பதை முதலில் கூறிவிடுகிறேன். வீட்டிலுள்ள வானொலிப் பெட்டி கனத்த ஒலியைச் சற்று மிகுத்துக் காட்டினால் குற்றமில்லை. அது அவ்வீட்டார் விருப்பம். பொறியாளரின் பெட்டி அவ்வாறு மிகுத்துக் காட்டினால் நேர்வது வேறு. பேச்சாளரின் குரல் அளவுக்கு மீறிக் கனத்திருப்பதாக அவர் கருதுவார். கருவியைத் திருகி அக்கனத்தைக் குறைத்துவிடுவார். அதன் பயனாக, நாடெங்கும் உள்ள வீடுகளில் அக்குரல் மெலிந்து ஒலிக்கும். பெட்டி கூட்டிச் சொன்னதற்காகக் குரல் குறைக்கப்படும்; பெட்டி குறைத்துச் சொன்னால் குரல் கூட்டப்படும். பிழை இவ்வாறு தலைகீழாகப் பரவுவதால், எங்கே பிறந்தது என்று கேட்போருக்குத் தெரியவே தெரியாது.

இதனை மிக நுணுகி ஆராய்ந்தது பிரிட்டனின் பி.பி.சி. நிறுவனமாகும். அப்பெயரை நம் இல்லங்கள் நன்கறியும். 1938 ஜனவரியில் அது தொடங்கிய முதல் அயல்மொழி ஒலிபரப்பு அரபு மொழியிலேயே அமைந்தது. 1941-இல் தமிழ் ஒலிபரப்பும் பிறந்தது. பிற்காலத்தில் 'தமிழோசை' என்னும் பெயரால் கடல் கடந்து நம் திண்ணைகளுக்கு வந்தது. அந்நிறுவனத்தின் ஆராய்ச்சித் துறை 1948 முதல் சர்ரே மாவட்டத்தில் கிங்ஸ்வுட் வாரன் என்னும் மாளிகையில் இயங்கிற்று. அத்துறையின் ஷார்ட்டர் என்னும் அறிஞர், 1946-இலேயே ஒரு குறையைச் சுட்டிக்காட்டினார். மின்னோட்டம் நின்ற பின்னரும் ஒலிபெருக்கியின் கூம்பு சிறிது நேரம் தானாக அதிர்ந்துகொண்டிருக்கிறது. சொல் முடிந்தும் சொல்லின் நிழல் முடிவதில்லை. அந்நிழல் அடுத்த சொல்லின்மீது படிந்து குரலின் நிறத்தை மாற்றுகிறது. இதனை அளந்து காட்டியதே அவர் செய்த பெரும்பணி.

அளவைக் கருவிகள் இருந்தும், இறுதித் தீர்ப்பை அவர்கள் செவியிடமே விட்டனர். இசைக்குழு வாசிக்கும் கூடத்துக்குள் சென்று நேரில் கேட்பர்; உடனே வெளியறைக்கு வந்து அதே இசையைப் பெட்டியின் வழியாகக் கேட்பர். ஒருவரைப் பேசச் செய்து, அவரது குரலையும் பெட்டி வழங்கும் குரலையும் மாறி மாறி ஒப்பிடுவர். இசையைவிடப் பேச்சே கடினமான சோதனை. வயலின் எப்படி ஒலிக்கவேண்டும் என்பதில் இருவர் மாறுபடக்கூடும். மனிதக் குரல் எப்படி ஒலிக்கும் என்பதைக் குழந்தையும் அறியும். எழுத்துகள் வாயில் பிறக்கும் இடங்களைத் தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்தார். அரபு இலக்கண மேதை ஸீபவைஹியும் தம் நூலில் அவ்வாறே வகுத்தார். ஸீனுக்கும் ஸாதுக்கும், லகரத்துக்கும் ளகரத்துக்கும் உள்ள நூலிழை வேறுபாட்டை மாணவர்க்குப் பயிற்றுவித்தவர்கள், அப்பொறியாளர்கள் பேச்சைத் தேர்ந்ததன் காரணத்தை எளிதில் உணர்வர்.

இனிச் சிறு பெட்டி பிறந்த கதை. 1960-களின் இறுதியில், ஒலிக்கூடங்களைக் கட்டுமுன் அல்லது மாற்றுமுன் அவற்றின் ஒலித்தன்மையை அறிய ஒரு வழியைக் கிங்ஸ்வுட் வாரனில் கையாண்டனர். கூடத்தை எட்டில் ஒரு பங்கு அளவில் மாதிரியாகக் கட்டுவர். எதிரொலியற்ற இடத்தில் பதிவுசெய்த இசையை எட்டு மடங்கு வேகத்தில் அம்மாதிரிக்குள் ஒலிக்கச் செய்வர். அதைச் சிறு மைக்ரோபோனில் பதிந்து, மீண்டும் வேகத்தைக் குறைத்துக் கேட்பர். கட்டப்படாத கூடத்தில் இசை எப்படி ஒலிக்கும் என்பது அப்போது தெரியும்! லண்டன் மைடா வேல் இசைக்கூடத்தின் மாற்றங்களை இவ்வாறு ஆராய்ந்தனர். இவ்வாராய்ச்சியின் கிளையாகவே, துல்லியம் குன்றாத ஒரு மிகச் சிறிய ஒலிபெருக்கி உருவாயிற்று. அதே வேளையில் வேறொரு தேவையும் காத்திருந்தது. விளையாட்டு அரங்குகளுக்கும் விழாக்களுக்கும் செல்லும் ஒலிபரப்பு வண்டிகளில் பெரிய மானிட்டர்களை வைக்க இடமில்லை. ஹார்வுட் தலைமையில் ஆராய்ச்சித் துறையினர் அச்சிறு பெட்டியை இப்பணிக்குத் திருத்தி அமைத்தனர். 'எல்.எஸ். 3/5' என்று பெயரிட்டனர். 'எல்.எஸ்.' என்பது ஒலிபெருக்கியைக் குறிக்கும். 3 என்பது வெளிக்கள ஒலிபரப்பின் எண். சிறிது காலத்தில், இவற்றுக்கு ஒலியுறுப்புகளைச் செய்தளித்த கே.இ.எப். நிறுவனத்தின் உறுப்புகளில் மாறுதல் காணப்படவே, மறுபடியும் வடிவமைக்க நேர்ந்தது. 1970-களின் நடுவில் வெளிவந்த அத்திருத்த வடிவமே உலகறிந்த 'எல்.எஸ். 3/5ஏ' ஆகும். 1976-இல் ஹார்வுட், வாட்டன், மில்ஸ் ஆகிய மூவரும் இதனைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டனர்.

பெட்டியின் உயரம் 12 அங்குலம், அகலம் ஏழரை, ஆழம் ஆறேகால். உள்ளே ஏறத்தாழ 5 லிட்டர் காற்றே அடங்கும். கனத்த ஒலிக்கு 5 அங்குல ஊஃபர் ஒன்று. மெல்லிய கூரிய ஒலிக்கு 19 மில்லிமீட்டர் குவிமாடமுடைய ட்வீட்டர் ஒன்று. ஊஃபரின் கூம்பு காகிதத்தாலானதன்று. காகிதக் கூம்புகள் ஒன்றைப்போல் மற்றொன்று அமைவதில்லை. ஈரக் காற்றிலும் மாறுபடும். எனவே பெக்ஸ்ட்ரீன் என்னும் பிளாஸ்டிக் கூம்பைப் பயன்படுத்தி, அதன் மேல் அதிர்வை அடக்கும் பசையைப் பூசினர்.

மரப்பெட்டியைப் பற்றி அவர்கள் கண்ட முடிவு பலருக்கு வியப்பளிக்கும். கனத்த பலகையே நல்லது என்றுதான் எவரும் எண்ணுவர். கனத்த பலகையும் அதிரத்தான் செய்கிறது. அவ்வதிர்வு செவி கூர்ந்து கேட்கும் இடைநிலை ஒலிகளில் விழுந்து குரலைக் கெடுக்கிறது. மெல்லிய ஒட்டுப்பலகையை எடுத்து உட்புறம் தார் கலந்த தகடுகளை ஒட்டினால், அதிர்வு கீழிறங்கிச் செவிக்குப் புலப்படாத அளவில் அடங்கிவிடுகிறது. தாயிராவின் தோலில் உள்ளங்கையை வைத்தால் ஓசை அடங்குவது போன்றது இது. மூலைகளை இணைக்கும் சட்டங்கள் பீச் மரத்தாலானவை. அவற்றுக்குப் பதிலாகப் பரானா பைன் மரச் சட்டங்களை வைத்தபோது, ஒலியின் நிறம் மாறியது செவிக்கே தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத உள்மூலையில் இருக்கும் விரலளவு மரத்துண்டு ஒரு மனிதரின் குரலை மாற்றிவிடுகிறது! தச்சர் சிறு சிக்கனம் கருதி மரத்தை மாற்றியிருந்தாலும், கேட்போர் காரணம் அறியாமலே அப்பெட்டியைக் குறை கூறியிருப்பர்.

ட்வீட்டரைச் சுற்றிக் கம்பளிப் பட்டைகளை ஒட்டியதும் அழகுக்காக அன்று. முன்பலகையின் விளிம்புகளில் மோதித் திரும்பும் ஒலி நேரே வரும் ஒலியுடன் கலவாதிருக்கவே அவ்வேற்பாடு. முன்னே போர்த்தப்படும் துணியின் விளைவும் கணக்கில் சேர்க்கப்பட்டிருந்தது. துணியைக் கழற்றினால் கணக்குத் தவறும். யாவற்றினும் கடினமானது இரு உறுப்புகளையும் இணைக்கும் கிராஸ் ஓவர் என்னும் மின்சுற்றே. ஏறத்தாழ 3000 ஹெர்ட்ஸில் ஊஃபர் தன் பணியை ட்வீட்டரிடம் ஒப்படைக்கிறது. மனிதப் பேச்சின் நடுவிலேயே போட்ட தையல் அது. ஒரே சொல்லில் உயிரெழுத்து ஊஃபரிலும் ஸகரத்தின் சீற்றம் ட்வீட்டரிலும் பிறக்கும். இரண்டும் ஒரு வாயிலிருந்தே வருவதாகத் தோன்றவேண்டும்.

குறைகளும் இல்லாமலில்லை. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இதன் ஒலி விரைந்து குறைந்துவிடும். பெருமுரசின் அடித்தளம் இதில் எழாது. உட்செல்லும் மின்திறனில் ஆயிரத்தில் ஓரிரு பங்கே ஒலியாக வெளிவரும். பலர் கூடிய அவையை நிரப்ப இதனால் இயலாது. ஆயினும் வண்டியில் ஒரு கை தொலைவில் அமர்ந்து, அறிவிப்பாளர் மைக்ரோபோனை விட்டு விலகினாரா, மூச்சொலி கலந்ததா என்று ஆராயும் பொறியாளருக்கு அக்குறைகள் பொருட்டல்ல. சோதனைக் கருவிக்கு எல்லாம் தெரியவேண்டியதில்லை. தெரிந்ததைத் திரிக்காமல் சொன்னால் போதும் என்பது என் கருத்து.

பி.பி.சி. இவ்வடிவத்தைத் தனக்கென்று பூட்டி வைக்கவில்லை. உரிமக் கட்டணம் பெற்றுக்கொண்டு பிறரும் செய்து விற்க இசைந்தது. ரோஜர்ஸ், சார்ட்வெல், ஆடியோமாஸ்டர் முதலியோர் செய்தனர். ஆராய்ச்சித் துறையிலிருந்த ஸ்பென்சர் ஹியூஸ், தம் பெயரையும் மனைவி டாரதியின் பெயரையும் இணைத்து ஸ்பெண்டார் என்னும் நிறுவனத்தை நிறுவியிருந்தார். ஹார்வுட்டும் 1977-இல், மனைவி எலிசபெத்தின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்து ஹார்பெத் நிறுவனத்தைத் தொடங்கினார். இவ்விரண்டும் பிற்காலத்தில் அதே பெட்டியைச் செய்தன. இவ்வாறு வண்டிக்கென்று பிறந்த கருவி வீடுகளுக்குள் நுழைந்தது.

காலப்போக்கில் ஊஃபரின் தன்மை சிறிது சிறிதாக விலகிச் சென்றது. 1980-களின் பிற்பகுதியில் மின்சுற்றைப் புதிதாக அமைத்து, 15 ஓம் பெட்டியை 11 ஓம் பெட்டியாக மாற்றினர். அன்று முதல், எது உண்மையான பெட்டி என்னும் வழக்கு இசை ஆர்வலரிடையே ஓயவில்லை. பழைய பெட்டிகளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கி, அலமாரியில் வைத்து அழகு பார்ப்போரும் உளர். வண்டியில் குலுங்கித் திரிந்த கருவிக்கு இப்படியொரு வாழ்வு வரும் என்று அதனைச் செய்தவர்கள் எண்ணியிருக்கமாட்டார்கள்.

1998-இல் கே.இ.எப். அவ்வுறுப்புகளைச் செய்வதை நிறுத்திற்று. 2010-இல் பி.பி.சி. ஆராய்ச்சித் துறை கிங்ஸ்வுட் வாரனை விட்டு வெளியேறிற்று. 2017 ஏப்ரல் 30-இல் தமிழோசையின் வானொலி ஒலிபரப்பும், 2023 ஜனவரியில் அரபு வானொலியும் நிறுத்தப்பட்டன. பெட்டி மட்டும் முடிந்துவிடவில்லை. அந்த ஊஃபரையும் ட்வீட்டரையும் கே.இ.எப்.பில் இருந்தபோது வடிவமைத்த மால்கம் ஜோன்ஸ் தொடங்கிய பால்கன் நிறுவனம், பழைய அளவுகளின்படி அவற்றை மீண்டும் உருவாக்கி, பி.பி.சி.யின் உரிமத்துடன் 2014-இல் 15 ஓம் பெட்டியை வெளியிட்டது. கூம்பு அதே பெக்ஸ்ட்ரீன். மூலைச் சட்டம் அதே பீச் மரம்.