கடிதங்களில் காத்திருந்த சமையலறை

அமெரிக்கச் சமையல் நூலாசிரியர் ஜூலியா சைல்டின் தன்வரலாறான ‘மை லைஃப் இன் பிரான்ஸ்’, 2004இல் அவர் மறைந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின் வெளிவந்தது. கணவர் பால் தம் இரட்டைச் சகோதரர் சார்லஸுக்குப் பாரிஸிலிருந்து எழுதிய கடிதங்களைக் குடும்பத்தார் பேணி வைத்திருந்ததாலும், சார்லஸின் பேரர் அலெக்ஸ் புரூடோம் அவற்றை முன்வைத்து ஜூலியாவிடம் பேசிப் பேசித் தொகுத்ததாலும், அரை நூற்றாண்டுக்கு முந்தைய உணவின் மணம்கூட இந்நூலில் மங்காமல் நிற்கிறது.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க உளவுப் பணியின் பொருட்டு இலங்கைக்கு வந்த ஜூலியாவும் பாலும் அங்கேயே அறிமுகமாகி, 1946இல் மணந்துகொண்டு, 1948 நவம்பரில் பிரான்சில் இறங்கினர். ருவான் நகர உணவகமொன்றில் உண்ட, மாவில் புரட்டி வெண்ணெயில் பொரித்த ‘சோல்’ என்னும் தட்டைமீனே ஜூலியாவுக்குப் பிரெஞ்சுச் சமையலின் வாசலைத் திறந்தது. அப்போது அவருக்கு வயது 36.

1895இல் தொடங்கப்பட்ட ‘லே கார்டன் ப்ளூ’ சமையற்பள்ளியில், போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களுக்கான வகுப்பில் 1949இல் சேர்ந்த அவருக்கு, முதிய ஆசான் மாக்ஸ் புன்யார் முட்டைக் கிளறலை முதலிலிருந்து கற்பித்தார். முட்டையை நுரைக்க அடிக்காமல் மெல்லக் கலக்கி, தணலைக் குறைத்து, இளகிய கூழ்போலத் திரளும்வரை பொறுமையாகக் கிளறி, மேலும் வேகாதிருக்க இறுதியில் சிறிது பாலேடு சேர்ப்பதே அம்முறை. எளிய பண்டத்துக்கும் இத்துணைக் கவனம் வேண்டும் என்ற அப்பாடமே அவருடைய தொழிலுக்கு அடித்தளமாயிற்று.

சிமோன் பெக், லூயிசெட் பெர்டோல் என்னும் இரு தோழியருடன் அவர் ஆண்டுக்கணக்கில் சமைத்துச் சோதித்து எழுதிய நூலை முதலில் ஒப்பந்தம் செய்த பதிப்பகம் ஏற்க மறுத்தது. பின்னர் நாஃப் பதிப்பகத்தின் ஆசிரியர் ஜூடித் ஜோன்ஸின் முயற்சியால் அது ‘மாஸ்டரிங் த ஆர்ட் ஆஃப் பிரெஞ்ச் குக்கிங்’ என்ற பெயரில் 1961இல் வெளியாயிற்று. 1963இல் தொடங்கிய ‘த பிரெஞ்ச் செஃப்’ தொலைக்காட்சித் தொடர் அவரை அமெரிக்க வீடுதோறும் அறிமுகப்படுத்தியது.

தொழில் வேட்கையும் குடும்பமும் பகையாகவே இருக்க வேண்டும் என்னும் எண்ணத்தை இத்தன்வரலாறு மறுக்கிறது. 1961ஆம் ஆண்டு நூலின் கோட்டோவியங்கள் பலவும் பால் எடுத்த நிழற்படங்களைப் பார்த்து வரையப்பட்டவை. சமைப்பவர் தம் கைகளைத் தாமே குனிந்து பார்ப்பதுபோல் அமைய வேண்டும் என்பதற்காக, அவர் ஜூலியாவின் தோளுக்குப் பின்னால் நின்று அவற்றை எடுத்தார். கடிதங்களை எழுதியவரும் அவரே என்பதால், தன்வரலாற்றின் வாசகரும் அதே இடத்தில் நின்றே அந்தச் சமையலறையைக் காண்கிறார்.