ஐந்து வரிப் பட்டியல், இரட்டைச் சாவி

பனச்சமூடு, பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் ஒரு வீட்டில் கேன்சர் என்றால் அடுத்த வார்த்தை "ஆர்சிசி"தான். 1981-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய ரீஜனல் கேன்சர் சென்டர். எல்லைக்கு இந்தப் பக்கம் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தும் பலர் அங்கேதான் போகிறார்கள். மாதக்கணக்கில் கீமோ ஏற்ற வேண்டியவர்களுக்குக் கையிலோ நெஞ்சிலோ ஒரு டியூப் வைத்து வீட்டுக்கு அனுப்புவதுண்டு. நாம் இங்கிருந்து போனில் "சாப்பிட்டாங்களா?" என்று கேட்போம். டியூபைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

அந்த டியூபுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1929-ல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் டாக்டர், தன் கை நரம்பு வழியாகத் தானே ஒரு குழாயை இதயம் வரை செலுத்தி, எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். 1956-ல் நோபல் பரிசு. 1973-ல் புரோவியாக், 1979-ல் ஹிக்மன் என்ற அமெரிக்க டாக்டர்கள், மாதக்கணக்கில் உடம்பிலேயே இருக்கும் குழாய்களை வடிவமைத்தார்கள். மருந்து போக வழி கிடைத்தது. கிருமி நேராக ரத்தத்துக்குள் போகவும் அதுவே வழியானது!

இதற்குப் பெரிய தீர்வு புது மருந்திலிருந்து வரவில்லை. 2001-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் டாக்டர் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் ஒரு சின்னப் பட்டியல் போட்டார். பின்னால் மிச்சிகன் மாநில ஐசியுக்களுக்குப் போனது ஐந்து வரி: கை கழுவு, முழு அங்கி, மாஸ்க், கையுறை போடு, தோலை குளோர்ஹெக்சிடினால் துடை, தொடை நரம்பைத் தவிர், தேவை முடிந்ததும் எடு. ஒரு வரி விட்டுப்போனால் டாக்டரையே நிறுத்த நர்ஸுக்கு அதிகாரம். எங்கள் பேங்க் பெட்டகத்துக்கு இரட்டைச் சாவி மாதிரிதான். எவ்வளவு பெரிய அதிகாரியானாலும் ஒற்றைச் சாவியால் திறக்காது. 2006-ல் வெளிவந்த முடிவின்படி, மூன்றே மாதத்தில் இடைநிலைத் தொற்று விகிதம் ஆயிரம் டியூப்-நாளுக்கு 2.7-லிருந்து பூஜ்யம் ஆனது.

வீட்டில் அந்த இரண்டாவது சாவி குடும்பத்தாரிடம்தான். டியூபைத் தொடுமுன் கை கழுவினார்களா, மூடியைத் தேய்த்துத் துடைத்தார்களா, கட்டு நனையவில்லையே என்று தயங்காமல் கேளுங்கள். காய்ச்சலோ, டியூபில் மருந்து ஏற்றியதும் குளிர் நடுக்கமோ வந்தால், பாரசிட்டமால் போட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரி. டியூபிலிருந்தும் கை நரம்பிலிருந்தும் ரத்தம் எடுத்து கல்ச்சர் பார்ப்பார்கள். சில கிருமிகளென்றால் ஆன்டிபயாடிக்கை டியூபுக்குள்ளேயே நிரப்பி வைத்து டியூபைக் காப்பாற்றலாம். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், கேண்டிடா போன்றவை என்றால் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள்.

அடுத்த முறை ஊருக்கு போன் போட்டால் இதையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.